இருமல் இல்லாத நோயாளிகள்

“நார்மல்… நார்மல்… நார்மல்…”

இருட்டறைக்குள்ளிருந்து டாக்டர் வேதாந்தத்தின் குரல் வந்துகொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தை அறிவிப்பவரின் நிச்சயம் அந்தக் குரலில் இருந்தது. வண்டி வருகிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

கதவுக்கு வெளியே, ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன் முன் பதருன்னிசா. எக்ஸ்ரே படம் பார்க்க இருட்டு வேண்டும். எழுத வெளிச்சம் வேண்டும். ஆகவே மார்பு நோய்க் கணக்கெடுப்புத் திட்டத்தில் மேதைமை உள்ளேயும் பேனா வெளியேயும் இருந்து வேலை செய்தன. அவர் சொல்லச் சொல்ல, இவள் நம்பருக்கு எதிரே எழுதுவாள்.

“முப்பத்தஞ்சு நார்மல். முப்பத்தாறு நார்மல். முப்பத்தேழு… ம்ம்… சந்தேகம். வலது பக்கம், மேலே. எழுதிண்டியா?”

“எழுதிட்டேன் சார்.”

“முப்பத்தெட்டு நார்மல்.”

ஒரு மனிதரை நோயாளியாக்க நான்கு விநாடி ஆயிற்று. அந்த மனிதர் அப்போது எங்கோ உட்கார்ந்து சுகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

அது 1973ஆம் வருஷம், ஆனி மாதம். செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் வாடகைக்கு எடுத்த வீட்டில்தான் திட்டத்தின் அலுவலகம். அங்கிருந்து எக்ஸ்ரே வண்டி புறப்பட்டு, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை ஊர் ஒன்று விடாமல் போகும். இருமுகிறவர், இருமாதவர், அப்போதுதான் வலையை இழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நெஞ்சைப் படம் பிடிக்கும். ஒரு சுருளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சுருள் தகர டப்பாவில் செங்கல்பட்டு வந்ததும் டாக்டர் அதைப் பார்த்துச் சொல்வார். ‘சந்தேகம்’ என்று அவர் வாயில் வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு மஞ்சள் அட்டை போகும். கூடவே ஒரு வருஷத்துக்கு மாத்திரை, முதல் இரண்டு மாதம் தினம் ஊசி.

அட்டையைத் தபாலில் அனுப்பக் கூடாது, நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. சுகாதார ஊழியர் காக்கிச் சட்டையோடு பட்டப்பகலில் தெரு நடுவில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். நோய்தான் ரகசியமாகப் பரவுகிறது, செய்தியாவது பகிரங்கமாகப் பரவட்டும் என்ற நல்ல எண்ணம்.

முதன்முதலாக வண்டி கடற்கரைக்குப் போனது அந்தப் பங்குனியில். மாமல்லபுரத்தில் பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. ஆனால் முதல் முப்பது நாற்பது பேருக்குப் பிறகு வண்டிக்குள் ஏறத்தான் ஆளில்லை. உள்ளே போனால் ரத்தத்தை உறிஞ்சிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். டாக்டர் வேதாந்தம் சளைக்கவில்லை. கோட்டைக் கழற்றிப் பியூன் செங்கல்வராயன் கையில் கொடுத்துவிட்டு, தாமே வரிசையில் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரே கைதட்டல். “படம் பொய் சொல்லாது!” என்று மைக்கில் முழங்கினார். கடல் கூட ஒரு கணம் ஓய்ந்து கேட்டிருக்கும்.

பதருன்னிசாவுக்கு அப்போது வயது இருபத்தேழு. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஷேக் தாவூதின் ஒரே மகள். தினமும் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் புள்ளியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். கண்ணீர்க் கதைக்கு வேண்டிய லட்சணம் ஒன்றுகூட அவளிடம் கிடையாது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காதல் தோல்வி இல்லை. மாற்றாந்தாய் இல்லை, ஜஹனாரா பெற்ற தாயாகவே இருந்து தினமும் டிபன் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தார். தலை வலித்தால் பதருன்னிசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்க மாட்டாள். மாத்திரை போட்டுக்கொள்வாள்.

திட்டத்தில் அவளுக்குத் தற்காலிகப் புள்ளிவிவர உதவியாளர் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். இரண்டு வருஷமாக அவள் இப்படி நிரந்தரமாகத் தற்காலிகமாக இருந்தாள். “பொண்ணு இன்னா வேலை செய்யுது?” என்று கேட்டவர்களுக்கு ஷேக் தாவூத், “எத்தினி பேருக்கு நெஞ்சுல நோவு கீதுன்னு எண்ணிச் சொல்றது” என்று பெருமையாகச் சொன்னார். “எண்றதுக்கா இம்மாம் படிப்பு?” என்று உறவுக்காரப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

நான் சொல்ல வந்த கதை, அந்த ஆனி மாதப் பகலுக்கு மறுநாள் தொடங்குகிறது. முந்தின நாள் டாக்டர் பார்த்தது பதினைந்தாம் சுருள் என்று டப்பாவில் எழுதியிருந்தது. மறுநாள் காலை கோவளத்திலிருந்து வண்டி வந்து, அசல் பதினைந்தாம் சுருளை இறக்கிவிட்டுப் போயிற்று. பதருன்னிசா பியூன் செங்கல்வராயனைக் கூப்பிட்டாள்.

“நேத்து சார் பார்த்த டப்பாவுக்கு யார் நம்பர் போட்டது?”

“நாந்தாம்மா.”

“நீங்க ஏன் போட்டீங்க?”

“டப்பா மொட்டையா கெடந்துச்சு. லேபிளு ஒட்டுன மைதாப் பசையைக் கரப்பான் துன்னுட்டுக் கீது. அலமாரில கடைசி நம்பரு பதினாலு. அப்ப இது பதினஞ்சுதானே? நானும் ரெண்டு எய்த்து எண்ணத் தெரிஞ்சவன்தாம்மா. ஏன், தப்பாப் பூடுச்சா?”

தப்பாகத்தான் போயிருந்தது. அலமாரியில் ஒன்றாம் நம்பர் டப்பாவைக் காணோம். அது பங்குனியில் மாமல்லபுரத்தில் எடுத்த ஒன்றாம் சுருள். சித்திரையிலேயே டாக்டர் பார்த்து முடித்து, மஞ்சள் அட்டைகள் போய்ச் சேர்ந்து, ஊசிகள் ஏறிக்கொண்டிருந்தன. அதே படங்களை, அதே டாக்டர், அதே நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி பார்த்திருக்கிறார், தெரியாமல்.

பதருன்னிசா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் தடவை ‘சந்தேகம்’ முப்பத்தெட்டு பேர். இரண்டாம் தடவை நாற்பத்தொன்று. ஆஹா, எவ்வளவு நெருக்கம் என்றுதான் தோன்றும். நம்பர்களை ஒப்பிட்டால், இரண்டு தடவையும் ‘சந்தேகம்’ என்று வந்தவர்கள் பத்தொன்பதே பேர். மீதிப் பேரில் சிலருக்கு இடையில் நோய் வந்திருந்தது, சிலருக்குப் போயிருந்தது. எங்கே? படத்துக்குள்ளேயே! அலமாரியில், தகர டப்பாவுக்குள், சுருட்டி வைத்த இடத்தில் காசநோய் தானே வந்து தானே குணமாகிற அதிசயத்தை உலகம் அதுவரை கண்டதில்லை. அதைக் கண்டுபிடித்த கரப்பான்பூச்சிக்கு இன்றுவரை யாரும் ஒரு மாலை போடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் லேபிளை மறுபடி ஒட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். இவள் திட்டத்தின் கையேட்டை எடுத்துப் புரட்டினாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு விதி: பத்தில் ஒரு சுருளை, டாக்டருக்குத் தெரியாமல், மறுபடி அவரிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் டாக்டர் வேதாந்தமேதான். நன்கொடை தந்த வெளிநாட்டுக்காரர்கள் படிப்பதற்காக எழுதியது. உள்நாட்டில் யாராவது படிப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

“செங்கல்வராயன், கரப்பான் செஞ்ச வேலையை இனிமே நாம செய்யப் போறோம்,” என்றாள்.

“சர்தான். பியூன் போஸ்ட்டுலேர்ந்து கரப்பானுக்கு புரமோஷனா?” என்றபடியே அவன் பசையைக் கரைத்தான்.

இன்னும் ஐந்து பழைய சுருள்கள் புது லேபிளோடு உள்ளே போயின. ஐந்திலும் அதே கூத்து.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். மாமல்லபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒருவர் வந்து நின்றார். சட்டையெல்லாம் கல் தூள். பெயர் பக்தவத்சலம், சிற்பக் கூடத்தில் வேலை. முப்பது வருஷமாகக் கல் தூளைச் சுவாசித்து இருமிக்கொண்டிருக்கும் அவரைப் படம் ‘நார்மல்’ என்றது. ஒரு நாளும் இருமியறியாத அவர் மகள் வரலட்சுமிக்கு மஞ்சள் அட்டை. ஒன்றாம் சுருள், நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்.

“ரெண்டு மாசமா ஊசி போட்டுக்கினு கீதும்மா,” என்றார். “மூணு தபா சளி கேட்டாங்க. சளி இருந்தாத்தானே குடுக்கும்? காறிக் காறித் துப்பிக் குடுத்துச்சு. அதுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. கல்பாக்கத்துல வெல்டரு, தங்கமான பையன், ஆவணில கல்யாணம்னு பேசி முடிச்சிக் கீது. இப்ப பையனோட அம்மா, டாக்டரு கையெய்த்துப் போட்டு நோவு இல்லன்னு காய்தம் கொண்டா, அப்பத்தான் பந்தக்காலுன்றாங்க. ஆடி முடியறதுக்குள்ள. இல்லாங்காட்டி வேற எடம் பாக்குறாங்களாம். பொண்ணு வூட்டை விட்டு வெளியவே வர்றதில்லம்மா. கொழாயாண்ட போனா மத்ததுங்க கொடத்தை எடுத்துக்கினு தள்ளிப் பூடுதுங்க.”

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். முழுக்கக் கேட்டார். அவரும் மனிதர்தானே.

“படம் பொய் சொல்லாதுப்பா. சளி பொய் சொல்லும், இருமல் பொய் சொல்லும். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடட்டும். கல்யாணம் எங்கே ஓடிப்போறது?”

கல்யாணம் ஓடாதுதான். மாப்பிள்ளைக்குத்தான் கால் உண்டு. பக்தவத்சலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பதருன்னிசா உள்ளே போனாள். “சார், நூத்திப் பன்னண்டை ரெண்டாம் தடவை நீங்க நார்மல்னு சொல்லியிருக்கீங்க.”

“எப்போ?”

அவள் கரப்பான்பூச்சியிலிருந்து நாற்பத்தொன்றாம் பக்கம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கு எனக்குத் தலைவலியா இருந்திருக்கும்.”

“என்னிக்கு சார்? நார்மல்னு சொன்ன அன்னிக்கா, சந்தேகம்னு சொன்ன அன்னிக்கா?”

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இதோ பாரு,” என்றார் கடைசியில். “ஒரு தடவை சந்தேகம்னா சந்தேகம்தான். நாளைக்கு அவளுக்கு ஏதாவதுன்னா யார் பதில் சொல்றது? லெட்டரெல்லாம் கிடையாது.”

அன்று மாலை பதருன்னிசா அழவில்லை. அட்டவணை போட்டாள். அவள் எழுதிக்கொண்டிருந்த திட்ட அறிக்கையில் அதுதான் ஒன்பதாவது அட்டவணை: ஒரே படங்களுக்கு டாக்டர் இரண்டு தடவை சொன்னதும், பக்கத்தில் சளிப் பரிசோதனையின் முடிவும். ஆறு சுருளிலும் சேர்த்து, சளியில் உண்மையாகவே கிருமி இருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் இருபது பேர் ஒரு மாதத்துக்கு மேலாக இருமிக்கொண்டிருந்தவர்கள். பதினான்கு பேர் வண்டி வருவதற்கு முன்பே தாமாகவே பக்கத்து மருந்தகத்துக்கு நடந்து போய், ஒரு பாட்டில் சிவப்பு மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஆகவே மருந்தகத்தில் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்து, இருமிக்கொண்டு வருகிறவரின் சளியைப் பார்த்தால் போதும். ஊரை வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பது அவள் முடிவு. இவ்வளவு சப்பென்ற ஒரு முடிவை எந்தப் பிரமுகர் வந்து திறந்து வைப்பார்? சளி டப்பாவுக்கு ரிப்பன் கட்ட முடியுமா?

இந்த 1979இல் கடற்கரை மருந்தகங்கள் சிலவற்றில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. அந்த எக்ஸ்ரே வண்டி ஒரு கொட்டகையில் நிற்கிறது. அதற்குள் கோழிகள் முட்டையிடுகின்றன, எல்லாம் நார்மல். பதருன்னிசா சென்னையில் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறாள். எந்த நோய்க்கு யாரைச் சோதிக்க வேண்டும், யாரைச் சோதிக்காமல் விட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற குழுவில் அவளுக்கு ஒரு நாற்காலி. சோதிக்காமல் விடச் சொல்வதற்குச் சம்பளமா என்று உறவுக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஆடி மாதத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆடி முடிய நாலு நாள் இருந்தது. திங்கட்கிழமை அறிக்கை சென்னைக் கமிட்டிக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜில்லாவுக்கு ஒரு வண்டி வீதம் பன்னிரண்டு வண்டி வாங்குவதா என்று கமிட்டி முடிவு செய்யும். டாக்டர் வேதாந்தம் சனிக்கிழமைதான் அறிக்கையை முழுசாகப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஷேக் தாவூத் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலில் டாக்டர். ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மறு கையில் நீளமான உறை.

“வாங்க சார், வாங்க!” ஷேக் தாவூத் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் தம் தோள் துண்டாலேயே துடைத்துப் போட்டார். டாக்டர் வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை. அது தெரிந்த ஜஹனாரா, உள்ளேயிருந்து இன்னும் உடைக்காத கோலி சோடா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கோலி உள்ளே இறங்கிய சத்தத்தில் டாக்டருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“பதருன்னிசா, இது உன் எக்ஸ்டென்ஷன் ஆர்டர். ஆறு மாசம் இல்லே, மூணு வருஷம். கையெழுத்துப் போட்டே கொண்டு வந்துட்டேன்.”

“மாஷா அல்லாஹ்!” என்றார் ஷேக் தாவூத்.

“ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த ஒன்பதாவது டேபிள் வேண்டாம். கமிட்டியிலே இருக்கறவா அதைப் பார்த்தா என் கண்ணையே சந்தேகப்படுவா. பன்னண்டு வண்டி வரப்போறது. நாமளே கெடுத்துக்கலாமா?”

பதருன்னிசா எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

“இதை நேர்ல குடுக்கணும்னு விதி சார். நாளைக்கு உங்க தெருவுக்கு ஊழியர் வர்றதா இருந்தது. நீங்களே வந்துட்டீங்க.”

டாக்டர் வாசித்தார். பெயர்: வேதாந்தம். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: டாக்டர். சுருள் ஒன்று, நம்பர் முப்பத்தேழு. முடிவு: சந்தேகம், வலது பக்கம், மேலே.

இந்த இடத்தில் இடி இடித்திருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்க வேண்டும். செங்கல்பட்டில் அன்று நல்ல வெயில். ஐஸ்காரர் ஒருவர் தெருவில் மணியடித்துக்கொண்டு போனார்.

“இது… நானா?”

“துவக்க விழாவுல எடுத்துக்கிட்டீங்களே சார். சித்திரையில பார்த்தப்ப, ‘முப்பத்தேழு நான்தானே’ன்னு கேட்டுட்டு நார்மல்னு சொன்னீங்க. ஆனியில யாருன்னு தெரியாம சொன்னீங்க.”

டாக்டரின் கை தானாகவே வலது நெஞ்சுக்குப் போயிற்று.

“எனக்கு இருமலே இல்லையேம்மா!”

“வரலட்சுமிக்கும் இல்லை சார்.”

சோடா பாட்டிலுக்குள் கோலி உருண்டது.

“படம் பொய் சொல்லலை,” என்றாள் பதருன்னிசா. “படம் ஒண்ணுதான். நாமதான் ரெண்டு சொல்லியிருக்கோம். ஒரு தடவை சந்தேகம்னா சந்தேகம்தான்னு நீங்க சொன்னீங்க. அப்படின்னா உங்களுக்கு நாளையிலேர்ந்து ஊசி. ரெண்டு மாசம் விடுப்பு. கமிட்டிக்குப் போக முடியாது.”

“அபத்தம்!” டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “ரெண்டு தடவை பார்த்து ஒரு தடவை நார்மல்னா, சளியைப் பார்க்கணும். மூணு தடவையும் சளியிலே ஒண்ணும் இல்லேன்னா அவனை விட்டுடணும். இது சாதாரண புத்தி!”

“அதைத்தான் சார் ஒன்பதாவது டேபிளுக்குக் கீழே எழுதியிருக்கேன்.”

“என்னை மிரட்டறியா?”

“இல்லை சார். விதி எதுன்னு சொல்லுங்க. எதுவானாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

அவள் இன்னொரு தாளை மேஜையில் வைத்தாள். மாமல்லபுரம், பக்தவத்சலம் மகள் வரலட்சுமி. படத்தை மறுபடி பார்த்ததிலும் மூன்று முறை சளிப் பரிசோதனையிலும் நோய் இல்லை. தட்டச்சு செய்து, தேதியும் போட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

ஆயிரக்கணக்கான நெஞ்சுகளை நான்கு நான்கு விநாடியில் தீர்மானித்தவர், அந்த ஒரு தாளைக் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். கையெழுத்து விழுந்தது.

“என்னோடது?” என்றார் ரகசியம் போல.

“உங்களுக்கு இன்னும் சளி பார்க்கலையே சார்.” பதருன்னிசா மூன்று சிறிய தகர டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். “காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடி. மூணு நாள். இதுல ஒண்ணுமில்லைன்னா உங்களுக்கும் இதே மாதிரி லெட்டர். ரெண்டு லெட்டருக்கும் ஆதாரம் அந்த டேபிள்தான். அதை எடுத்துட்டா ரெண்டும் செல்லாது.”

டாக்டர் எழுந்தார். டப்பாக்கள் கோட்டுப் பையில் ஒன்றோடொன்று இடித்து ஓசை எழுப்பின. நீள உறையை மேஜையிலிருந்து எடுத்து உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதுலே கொஞ்சம் திருத்தம் இருக்கு. அப்புறம் பார்ப்போம்.”

“சரிங்க சார்.”

“மூணு வருஷம்மா…” என்று ஷேக் தாவூத் மெதுவாக இழுத்தார்.

“அத்தா, லெட்டர் என்னாச்சுன்னு கேட்டு மறுபடி வந்த பக்தவத்சலம் உங்க கடையிலதான் காத்துக்கினு இருக்கார். இதைக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க. அஞ்சு மணி பஸ்ஸைப் புடிச்சுடுவார்.”

ஷேக் தாவூத் தாளை வாங்கி, மை உலர இரண்டு தடவை ஊதி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாழைப்பழச் சீப்பு மட்டும் மேஜையில் தங்கிவிட்டது. அதைத் திருப்பி எடுத்துப்போக டாக்டருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

வாசற்படி இறங்கும்போது டாக்டர் வேதாந்தத்துக்கு ஒரு சின்ன இருமல் வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி, பயந்த கண்ணோடு அவளைப் பார்த்தார்.

“தூசி,” என்றார்.

“ஆமாம் சார், தூசிதான்,” என்று சொல்லிவிட்டுப் பதருன்னிசா கதவைச் சாத்தினாள்.